எல்லாப் ‘போடு’வும் ‘புட்’ அல்ல: ஆங்கிலச் சொற்சேர்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுகளுக்குப் படிக்கும் நர்சுகள் நிறைய. இலக்கணம் தெரியும், சொல்லும் தெரியும். எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதில்தான் சறுக்குகிறார்கள். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பெண். அதன் அளவுகோலில் ‘கொலொகேஷன்’ (சொற்சேர்க்கை) என்ற சொல்லே இருக்கிறது. ‘டூ மிஸ்டேக்’ போன்ற, எல்லோரும் திருத்துகிற பிழைகளை இங்கே விட்டுவிடலாம்.

தமிழ் வினையை அப்படியே தூக்கிப்போவது

எத்தனை தடவை திருத்தினாலும் திரும்ப வந்து எரிச்சலூட்டுவது இதுதான். ஊசி, டீ, லைட், சத்தம், சண்டை, கையெழுத்து, எல்லாவற்றுக்கும் நமக்குப் ‘போடு’ போதும். ஆங்கிலத்தில் கிவ் அன் இன்ஜெக்‌ஷன், மேக் டீ, டர்ன் ஆன் த லைட், மேக் எ நாய்ஸ், ஹேவ் எ ஃபைட். கையெழுத்துக்கு வெறும் சைன். சட்டைக்கு ‘புட் ஆன்’ பொருந்திவிடுகிறது. அந்தத் தைரியத்தில் ஊசிக்கும் ‘புட்’ வந்துவிடுகிறது.

சில இடங்களில் பொருளே கெட்டுவிடும். குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகள் அப்பாவின் ரப்பர் பால்வெட்டு வேலையை ‘ஹி கட்ஸ் ரப்பர் ட்ரீஸ்’ என்கிறார்கள். கேட்பவருக்கு அவர் மரத்தையே வெட்டிச் சாய்க்கிறார் என்று படும். ‘டேப்ஸ்’ என்று வர வேண்டும்.

நோட்டில் பெயர்ச்சொல்லைத் தலைப்பாக எழுதுங்கள், வினையை அல்ல. ‘இன்ஜெக்‌ஷன்’ என்று போட்டு, நர்ஸ் என்றால் கிவ், நோயாளி என்றால் ஹேவ் என்று முழுத்தொடராக எழுதி, சொந்த வாக்கியம் ஒன்றும் சேருங்கள். சொற்சேர்க்கை அகராதியிலும் பெயர்ச்சொல்லின் கீழ்தான் தேட வேண்டும். ஒரு நாளைக்கு 5 தொடர் போதும். மறுநாள் வினையைக் கையால் மறைத்துச் சொல்லிப்பாருங்கள். 3ஆம் நாளும் 7ஆம் நாளும் அப்படியே. தடுமாறியதை மட்டும் புதுப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

ஒரே பொருள்தானே என்று மாற்றுவது

ஆரல்வாய்மொழிக் காற்று ஸ்ட்ராங் விண்ட். ஐப்பசி மழை ஹெவி ரெய்ன். மழைக்கு ஸ்ட்ராங் ஒட்டாது. டீக்கு ஹெவி ஒட்டாது.

தனிச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்வது

நேரம்தான் போகும்.

கூகுளில் இருக்கிறதே என்பது

‘புட் இன்ஜெக்‌ஷன்’ என்று தேடினாலும் கிடைக்கும்; எழுதியவரும் நம்மைப்போல ‘போடு’வை நினைத்து எழுதியிருக்கலாம். அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியத்தில் வருகிறதா என்று பார்த்துவிட்டு நோட்டில் ஏற்றுங்கள்.