நீளமான வேதிப்பெயரை வாயில் தடுக்காமல் சொல்ல

பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன் மாதிரியான பெயரை இடமிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தால் நடுவில் மூச்சு முட்டும். எனக்குக் கைகொடுத்தது பின்னாலிருந்து கட்டும் முறை.

முதலில் வேதியியலில் பொருள் தரும் துண்டுகளாக வெட்ட வேண்டும்: பாலி, டெட்ரா, ஃப்ளூரோ, எத்திலீன். அப்புறம்தான் அசை: பா-லி-டெட்-ரா-ஃப்ளூ-ரோ-எத்-தி-லீன், மொத்தம் 9. சொல்லும்போது எத்திலீன், ஃப்ளூரோஎத்திலீன் என்று முன்பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். முதன்மை அழுத்தம் 'எத்' மேல். சறுக்கும் இடம் 'ரோ-எத்': இரண்டு உயிரொலி மோதுவதால் ஒன்றை விழுங்கி 'ஃப்ளூரெத்திலீன்' என்று விடுவோம். நடுவில் மெல்லிய 'வ்' வந்தால் தப்பில்லை, அசை குறையக் கூடாது.

அகராதியின் புள்ளிப் பிரிப்பை மட்டும் நம்பாதீர்கள்; பலவற்றில் அது அச்சில் வரி மடிக்கத்தான். ஒலிக்குறிப்பைப் பாருங்கள்.

பொருள் தெரியாமல் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஹெச்ஐஓ4 (HIO4) என்ற அமிலம் போதும். ஆங்கிலத்தில் periodic என்று எழுதினாலும் அது 'பீரியாடிக்' அமிலம் இல்லை, பெர்-அயோடிக். உள்ளே இருப்பது அயோடின். தாலேட்டின் ஆங்கில எழுத்தில் (phthalate) முதல் இரண்டு எழுத்தும் பொதுவாக ஊமை. மீத்தேனா மெத்தேனா என்ற சண்டை வேண்டாம்: முன்னது பிரிட்டன், பின்னது அமெரிக்கா.