வளவுக்குள் வந்த ஏலியன்: திறன்களை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஒற்றைக் கையால் உத்தரத்தைத் தூக்கியது." செட்டிநாட்டு வீட்டின் வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டுக்குள், ஏலியனை இறக்குகிற கதைகள் பெரும்பாலும் இந்த மாதிரி வரியில்தான் முதலில் சறுக்குகின்றன. அந்த உத்தரத்தின் எடையைக் கணக்குப் போட்டுவிட்டு எழுத வேண்டும். பர்மா தேக்கு, ஒரு அடிக்கு ஒரு அடி கனம், 20 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 கன அடி. தேக்கு ஒரு கன அடிக்குச் சுமார் 18 கிலோ. ஆக 360 கிலோ.

ஏலியனின் எடை 80 கிலோ என்றும், அது கையை நீட்டி உத்தரத்தைப் பாதத்துக்கு 2 அடி முன்னால் பிடித்திருக்கிறது என்றும் எழுதினால், கை எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது குப்புற விழும். தராசுக் கணக்குதான்: 360-ஐ 2-ஆல் பெருக்கினால் 720. அதை 80-ஆல் வகுத்தால் 9. அதாவது அதன் உடல் பாரம் பாதத்துக்கு 9 அடி பின்னால் இருந்தால்தான் சமன் ஆகும். தசையை மட்டும் யோசித்துவிட்டு நிற்கும் விதத்தை மறப்பதே இங்கே தவறு. கனமான வாலைக் கொடுங்கள், முன்பக்கம் இன்னொரு ஜோடிக் கால் கொடுங்கள், இல்லாவிட்டால் உத்தரத்தை நேராகத் தலைக்கு மேலே ஏற்றச் சொல்லுங்கள். செட்டிநாட்டில் வரவை எழுதுகிறவர் பற்றையும் எழுதாமல் பேரேட்டை மூடமாட்டார். ஏலியனின் திறனையும் அப்படித்தான் எழுத வேண்டும்.

வேகத்திலும் இதே பிழை வரும். அந்த உத்தரத்தை 3 மீட்டர் உயர்த்த வேண்டிய ஆற்றல் 10,600 ஜூல் அளவுதான். தசை தான் செலவழிப்பதில் கால் பங்கையே வேலையாக மாற்றும் என்று பார்த்தாலும், ஒரு பிடி சோற்றில் அது அடங்கிவிடும். அதனால் ஒரு முறை தூக்கியதும் பசியில் மயங்கி விழுந்தது என்று எழுதுவது தப்பு. ஆனால் அதையே ஒரே நொடியில் தூக்க வேண்டும் என்றால் 10.6 கிலோவாட் திறன் தேவை. நம் தசை உச்சத்தில் கிலோவுக்கு 250 வாட் தருவதாகக் கொண்டாலும், 40 கிலோவுக்கு மேல் தசை ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். 80 கிலோ மனிதனின் மொத்தத் தசையே 30, 35 கிலோதான். 10 நொடி அவகாசம் கொடுத்துவிட்டால் காட்சி நம்பும்படி ஆகிவிடும்.

தூக்கியதும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பிளந்தது என்று எழுதுமுன் பாதத்தைப் பாருங்கள். அந்தக் கல் சிமெண்டும் மணலும் சேர்த்துக் கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதமாக்கியது, சூளையில் சுட்டதல்ல. தட்டைப் பாதம் இரண்டும் சேர்ந்து 200 சதுர சென்டிமீட்டர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ சொச்சம்தான் விழும், கல் தாங்கும். மொத்தம் 10 சதுர சென்டிமீட்டர் உள்ள குளம்பாக இருந்தால் 44 கிலோ. அடியில் பொள்ளலாக இருக்கும் கல் அதில் உடையலாம்.

உருவத்தைப் பெரிதாக்கும்போது எடையும் எலும்பும் ஒரே விகிதத்தில் வளராது. உயரம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு, எலும்பின் குறுக்குப் பரப்பு நாலு மடங்குதான். எறும்பை ஆள் உயரத்துக்கு வளர்த்துவிட்டு அதன் பலத்தையும் அதே மடங்கில் பெருக்குவது இந்தக் கணக்கை மறந்ததால் வருவது. கால்களைத் தூண்போலத் தடிமனாக்கிக்கொள்ள வேண்டும்.

வெப்பத்தைப் பற்றி அநேகர் எழுதுவதே இல்லை, அதுதான் பெரிய குறை. 300 வாட் வேலையை ஒரு மணி நேரம் ஓயாமல் செய்கிற உடம்பு அதோடு சுமார் 900 வாட் வெப்பத்தையும் வெளியே தள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் காரைக்குடியில் வெயில் 38, 39 டிகிரி. காற்று தோலைவிடச் சூடாக இருப்பதால் ஆவியாதல் ஒன்றுதான் வழி, அதற்கு 1.3 லிட்டர் வேர்வை வேண்டும். ஓடு போர்த்த, வேர்க்காத ஏலியன் என்றால் மத்தியானச் சண்டைக்கு நடுவே அது ஊருணியைத் தேடி ஓடியாக வேண்டும். கதைக்கு இது நல்ல திருப்பம்.

வெப்பத்தைப் பார்க்கும் கண்ணும் அதே வெயிலில் ஏமாறும். சுவரும் முற்றத்துத் தரையும் மனிதத் தோலின் 34 டிகிரியை எட்டிய வேளையில், எதிரே நிற்கிற ஆள் பின்னணியோடு கலந்துவிடுவார். சன்னல் கண்ணாடியும் உடல் வெப்பக் கதிரை மறைத்துவிடும். தடித்த சுவருக்கு அப்பால் பார்ப்பது நடக்காத காரியம். ஆனால் வளவின் குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு ஒருவர் நடந்து போனால், அவர் மறைந்த பிறகும் சிறிது நேரம் ஒவ்வொரு அடியும் ஒளிரும் தடமாகத் தெரியும். சுவரைத் துளைக்கும் பார்வையைவிட இது அழகான திறன். (பாம்பை உதாரணம் காட்டுவதானால் குழிவிரியனைக் காட்டுங்கள். நம் ஊர்க் கண்ணாடி விரியனுக்கு வெப்பம் உணரும் குழி கிடையாது.)

டெலிபதிக்கு, அதாவது மனத்தோடு மனம் பேசும் திறனுக்கு, வருவோம். மூளையின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைவிடக் கோடிக்கணக்கான மடங்கு சிறியது. தெருக்கோடியிலிருந்து அதை 'உணர்ந்தது' என்பது எடுபடாது. அனுப்பவும் வாங்கவும் உறுப்பு வேண்டும், ஊடகம் வேண்டும். சில மீன்கள் மெல்லிய மின்புலத்தால் ஒன்றோடொன்று சேதி பேசுகின்றன. அது தண்ணீரில் மட்டும், அதுவும் கிட்டத்தில் மட்டும் நடக்கும். உங்கள் ஏலியன்கள் இரண்டும் ஊருணிக்குள் நிற்கும்வரை பேசலாம். ஒன்று படித்துறை ஏறியதும் பேச்சு அறுந்துபோகும்.

மனிதர் மனத்தைப் படிப்பது இன்னும் கடினம், ஏனென்றால் ஒருவர் மூளை போல இன்னொருவர் மூளை இல்லை. 2023-இல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. மூலம் நினைப்பின் சாரத்தைச் சொற்களாக மீட்டார்கள். அதற்கு ஒவ்வொருவரும் 16 மணி நேரம் கருவிக்குள் படுத்துக் கதை கேட்க வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பழக்கியது இன்னொருவருக்கு வேலை செய்யவில்லை. மனத்துக்குள் எண்களை ஏழு ஏழாக எண்ணினாலே கருவி தடுமாறியது. ஆகவே இறங்கிய மறுகணமே ஏலியன் எல்லார் மனத்தையும் படிக்கக் கூடாது. ஒருவரோடு பல நாள் பழகட்டும். பிடிக்காதவர் வாய்ப்பாடு சொல்லித் தப்பிக்கட்டும்.

படித்த பிறகும் சொல்லுக்குப் பொருள் வேண்டும். செட்டிநாட்டு நகரத்தார் (செட்டியார்) வீட்டுப் பையன் 'அப்பச்சி' என்று நினைத்தால் அது அப்பா. கொங்குப் பக்கத்தில் அதே சொல்லுக்குத் தாய்வழித் தாத்தா. 'ஐயா' நகரத்தாருக்குத் தாத்தா, வேறு ஊரில் அப்பா. கொங்குப் பக்கத்துக் கோயம்புத்தூர்க்காரரிடம் பழகிவிட்டுச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கு வந்த ஏலியன், பையன் மனத்தில் 'அப்பச்சி' என்ற சொல்லைப் பிடித்ததும், கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் அவன் அப்பாவைத் தாண்டிப் போய், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவரிடம் நிற்கும்.