பழைய டீசல் வண்டியில் ஆயில் ஒழுகும் இடத்தை நாமே கண்டுபிடிக்கும் முறை

எங்கள் வீட்டு டீசல் வண்டி 20 ஆண்டுகளைக் கடந்தது. கீழக்கரையில் ஓலைக் கொட்டகையின் கீழ், மணல் தரையில் நிற்பது. சிமெண்டுத் தரையாக இருந்தால் முதல் நாளே கறை காட்டிக் கொடுத்திருக்கும். மணலோ அத்தனையையும் குடித்துவிடுகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீழ்க்கோட்டைத் தொடுவதைப் பார்த்த பிறகுதான் வண்டியை நகர்த்தி மணலைக் கிளறினேன். ஆயிலில் ஊறி இறுகிய கறுப்பு மணல் உருண்டைகள், புளியங்கொட்டை அளவில், கை நிறையக் கிடைத்தன.

பட்டறையில் வண்டியின் அடியைப் பார்த்துவிட்டு, இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் (ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டியது உண்மை. ஆனால் கசிந்த இடம் அதுவன்று. ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ஆயில் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக உயரத்திலும் முன்புறத்திலும் இருக்கிறதோ, அங்கேதான் சந்தேகம் தொடங்க வேண்டும்.

முதலில், ஒழுகுவது இன்ஜின் ஆயில்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மளிகைக் கடை அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, இரவில் இன்ஜினுக்கு அடியில் விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். டீசல் இன்ஜின் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும் என்பதால் கறுப்புச் சொட்டு பெரும்பாலும் அதுவே. கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு. கூலன்ட் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து இனிப்பு வாடை வீசும். வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வந்தது. அதற்குக் கவலை வேண்டாம்.

வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் போகாதீர்கள். நம் பகுதி மணலில் ஜாக்கி ஒரு பக்கமாகப் புதைந்து சாயும். அதன் அடியில் அகலமான, தடித்த பலகை வைத்துத் தூக்கி, வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, அந்த ஸ்டாண்டுகளுக்கு அடியிலும் பலகை கொடுங்கள். முடிந்தால் சிமெண்டுத் தரை உள்ள வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோய்விடுவதே நல்லது.

அடுத்தது கழுவுதல். என்னை ஒரு வாரம் அலைக்கழித்த படி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதல் முறை சொட்டும் இடத்தை மட்டும் துணியால் துடைத்துவிட்டு இன்ஜினை ஓட்டினேன். பத்தே நிமிடத்தில் அதே இடம் நனைந்தது. பட்டறையில் சொன்னதே சரி என்று நம்பிவிட்டேன். உண்மையில், மேலே இன்ஜின் வார்ப்பின் இடுக்குகளில் பல மாதங்களாகத் தேங்கியிருந்த பழைய ஆயில்தான் சூட்டில் இளகி இறங்கியது. பாதி கழுவிய இன்ஜின் தவறான விடையைத்தான் தரும். இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, டீசலில் தோய்த்த பெயின்ட் பிரஷ்ஷால் இன்ஜினின் உச்சி மூடியான டேப்பெட் கவரிலிருந்து தொடங்கி, மேலிருந்து கீழாக, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் வரை தேய்த்து இறக்குங்கள். பெட்ரோலைத் தொடவே கூடாது. அதன் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரையும் ஒயர் இணைப்புகளையும் பாலித்தீன் உறையால் மூடிவிட்டு, சோப்புத் தண்ணீரால் டீசல் பிசுக்கைப் போக்குங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதை இன்ஜின் மீது ஊற்ற வேண்டாம். குடிதண்ணீர் ஒரு குடம் செலவானாலும் பரவாயில்லை. சர்வீஸ் நிலையத்தின் பிரஷர் தண்ணீரை நான் விரும்புவதில்லை. அது போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகிறது.

ஒரு பகல் நன்றாகக் காய விட்டு, சந்தேகத்துக்குரிய பொருத்துகளின் ஓரமாக முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பெல்ட் மீதும் ஏர் ஃபில்டர் பக்கமும் பவுடர் போகக் கூடாது. ஆயிலில் கலந்து புறஊதா விளக்கில் பார்க்கும் சாயமும் கிடைக்கிறது; ஆனால் முதன்முறை தேடுபவருக்குப் பவுடர்தான் என் பரிந்துரை. வெள்ளைப் பவுடரில் ஆயில் கசிந்தால், கசியும் புள்ளியிலிருந்து கீழ்நோக்கிக் கறுப்புக் கோடு தானாகவே வரைந்து காட்டும்.

இனி இரண்டு சோதனைகள். முதலில் வண்டியை நிறுத்திய நிலையில் 15 நிமிடம் ஐடிலில் ஓட விட்டு, இன்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஓடும் இன்ஜினுக்கு அருகில் வேட்டி முனையோ தோள்துண்டோ தொங்கக் கூடாது. இதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் சாலையில் ஓட்டிப் பாருங்கள்; நான் ஏர்வாடி வரை போய்த் திரும்பினேன், அந்தத் தொலைவு போதும். பார்ப்பதற்கு டார்ச்சும் சிறு கைக்கண்ணாடியும் வேண்டும். இன்ஜினுக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுத் தடுப்புச் சுவருக்கும் நடுவே தலை போகாது என்பதால், செல்போனை உள்ளே நீட்டி வீடியோ எடுத்துப் பார்ப்பது இன்னும் எளிது.

என் வண்டியில் கறுப்புக் கோடு டேப்பெட் கவரின் பின்மூலையிலிருந்து இறங்கியது. அந்தக் கவருக்கு அடியில் உள்ள சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் அரைவட்ட ரப்பர் அடைப்பான் ஒன்று இருக்கிறது. வெயிலிலும் சூட்டிலும் அது காய்ந்த பனங்கொட்டை போல இறுகி, நகத்தால் அழுத்தினால் துளியும் அமுங்கவில்லை. அங்கே கசிந்த ஆயில் ஹெட்டின் பின்சுவர் வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் கூட்டின் மேல் விழுந்து, அடியில் சொட்டியது. புதிய அடைப்பானும் டேப்பெட் கவர் பேக்கிங்கும் போட்டதோடு ஒழுகல் நின்றது. கியர்பாக்ஸில் யாரும் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

பேக்கிங் மாற்றும்போது பழைய பசையைச் சுரண்டி எடுத்து, போல்ட்டுகளைக் கம்பெனி கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் ரப்பர் பிதுங்கும், கவர் வளையும், ஒழுகல் கூடும். அனபாண்ட் பசையை வாரிப் பூசுவதையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். உட்பக்கம் பிதுங்கும் பசை உதிர்ந்து, சம்ப்பில் உள்ள ஆயில் வலையை அடைத்தால் இன்ஜினே போய்விடும்.

டேப்பெட் கவர் உலர்ந்திருந்தால் பார்க்க வேண்டியவை: ஆயில் ஃபில்டர் (பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியது ஏறியிருக்கலாம்), ஆயில் பிரஷர் சுவிட்ச், டிரெயின் நட்டின் வாஷர், முன்பக்க கிராங்க் சீல். பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தப் பொருத்து இளகியிருக்கிறதோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். அடைப்பை நீக்காமல் பேக்கிங் மாற்றிப் பயனில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்த மண்டபத்து நண்பர் ஒருவர், எல்லாம் உலர்ந்திருந்தும் சம்ப்பின் நடுப்பகுதி மட்டும் நனைகிறது என்று எழுதினார். தகட்டுச் சம்ப் துருவில் ஊசித்துளை விழுந்திருந்தது; பெயின்ட் கொப்புளம் அதை மறைத்திருந்தது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை ஓயாமல் அரித்த அதே உப்புக் காற்றுதான் நம் வண்டிகளின் அடியிலும் வீசுகிறது. ஆகவே கழுவிய பிறகு சம்ப்பில் பெயின்ட் உப்பியிருக்கும் இடங்களை விரலால் அழுத்திப் பாருங்கள், ஆனால் ஸ்குரூடிரைவரால் குத்தாதீர்கள். அவர் குத்திய குத்தில் துளை பெரிதாகி, மொத்த ஆயிலும் மணலில் இறங்கிவிட்டது.

இன்னொருவருக்கு ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள, காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப்பின் ஆயில் திரும்பும் ஹோஸ் இறுகிக் கசிந்தது. பல பழைய டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு வேக்குவம் தருவது அந்தப் பம்ப்தான்; உங்கள் வண்டியிலும் அது இருந்தால் ஹோஸின் இரு முனைகளிலும் பவுடர் தூவ மறக்காதீர்கள்.