கேமரா மாட்ட ஆள் கூப்பிடும் முன்

மதுரையில் வீடுகளுக்குக் கேமரா மாட்டுவது என் தொழில். என்னைப் போன்ற ஆளிடம் என்ன கேட்க வேண்டும் என்று நானே சொல்கிறேன்.

போனிலேயே விலை சொல்பவரை விட்டுவிடுங்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கேபிள், ஹார்ட் டிஸ்க் எந்த கம்பெனி என்பது வரை கொட்டேஷனில் எழுதித் தருபவர் வேண்டும். கேபிளில்தான் பலர் கை வைப்பார்கள். ஒரு துண்டு வாங்கி, உள்ளே இருக்கும் கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வேண்டாம்.

நான்கு 2 மெகாபிக்சல் கேமராக்கள் இரவு பகலாகப் பதிந்தால், வழக்கமான செட்டிங்கில் 1 டிபி டிஸ்க்கில் சுமார் 11 நாள் பதிவு நிற்கும். அடிக்கடி வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் 2 டிபி கேளுங்கள். கேட் கேமராவுக்கு எட்டடி உயரம் போதும். மொட்டைமாடி விளிம்பில் வைத்தால் திருடனின் உச்சந்தலைதான் பதிவாகும்.

பதிவைச் சேமிக்கும் ரெக்கார்டர் பெட்டி டிவி பக்கத்தில் வேண்டாம், திருடன் முதலில் அந்தப் பெட்டியைத்தான் தூக்குவான். உள் அலமாரியில், காற்றோட்டத்தோடு வையுங்கள். யுபிஎஸ்ஸில் ரௌட்டரையும் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் கரண்ட் போனதும் செல்போனில் படம் வராது.

அப்புறம், பாக்கிப் பணம் கொடுக்கும் முன் ராத்திரி யாரையாவது கேட்டருகே நிற்கச் சொல்லி முகம் தெரிகிறதா பாருங்கள். அட்மின் பாஸ்வேர்டை, மாட்டியவர் கிளம்பிய பிறகு நீங்களே மாற்றுங்கள்.