கோலாலம்பூர்–சென்னை: டிக்கெட் நேரத்தில் சறுக்கும் இடங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் வேலை. தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளும், ஆன்லைனில் தாங்களே போட்டுக்கொள்கிறவர்களும் அதே பழைய குழிகளில்தான் விழுகிறார்கள். பாஸ்போர்ட் காலாவதி, பெட்டி எடையெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. அதை விட்டுவிடுகிறேன்.

நேரத்தைக் கழித்துப் பார்ப்பது

இரவு 9 மணிக்கு இங்கே ஏறினால் 10.30க்குச் சென்னை. "ஒன்றரை மணி நேரந்தானா அண்ணே?" என்பார்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இந்தியாவைவிட மலேசியாவில் நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நேர்க்கோட்டில் சுமார் 2,600 கி.மீ., பயணம் ஏறக்குறைய 4 மணி நேரம். திரும்பும்போது அதே 4 மணி நேரம் ஆறரை போலத் தெரியும். திருச்சிக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான்.

நள்ளிரவுத் தேதி

இதை நினைத்தால் இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. சென்னையிலிருந்து இங்கு வரும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புபவை. கிள்ளான் குடும்பம் ஒன்று கல்யாணத்துக்குப் போயிருந்தது. டிக்கெட் போட்ட பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இவ்வளவுதான்: "ரிட்டர்ன் 15, 12.20." காலையா இரவா என்று இல்லை, கிழமையும் இல்லை. அவர்கள் 15ஆம் தேதி பகல் முழுக்கத் தி.நகரில் சேலை பார்த்துவிட்டு, இரவு ஒன்பதரைக்குச் சாவகாசமாக விமான நிலையம் போய் இறங்கினார்கள். வாசலில் டிக்கெட் பார்க்கும் காவலர், "இது விடியறதுக்கு முன்னாடியே போயிடுச்சு சார்" என்று ஓரமாக நிற்க வைத்துவிட்டார். 12.20 என்பது 14ஆம் தேதி ராத்திரி தூங்காமல் போய்ப் பிடிக்க வேண்டிய விமானம்!

மலிவு டிக்கெட்டில் வராதவர்களுக்குக் கட்டணம் திரும்பாது. குடும்பம் மொத்தத்துக்கும் கடைசி நேர விலையில் புது டிக்கெட். கல்யாண மொய்யே அதில் போயிருக்கும். அந்தப் பையனோ, "தேதி சரியாத்தானே போட்டேன்" என்கிறான். சரியாகத்தான் போட்டான், யாருக்கும் புரியாதபடி.

என்னிடம் வேலை பழகுகிறவர்கள் இப்படித்தான் எழுத வேண்டும்: "14 வியாழன் இரவு 9 மணிக்கு விமான நிலையத்தில் இருக்கணும். விமானம் நள்ளிரவு தாண்டி 12.20, அதாவது 15 வெள்ளி." கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதையும் சேர்த்து.

டெர்மினல் 1ஆ, 2ஆ?

டிக்கெட்டிலேயே இருக்கிறது. படியுங்கள்.

செப்பாங்கை மறப்பது

கோலாலம்பூர் விமான நிலையம் இருப்பது ஊருக்குள் இல்லை, தள்ளி செப்பாங்கில். கே.எல். சென்ட்ரலில் ஏறினால் எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிடத்தில் டெர்மினல் 1 போய்விடும். வெள்ளி சாயங்காலம் காரில் போவதென்றால் என்னைக் கேட்காதீர்கள்.

பினாங்குக்காரர்களுக்கு

வரைபடத்தில் பினாங்குதான் சென்னைக்குப் பக்கம், 250 கி.மீ. போலக் குறைவு. ஆனால் கோலாலம்பூர் வழியாகப் போனால் முதலில் 300 கி.மீ.க்கு மேல் தெற்கே வந்துவிட்டுத்தான் கடல் தாண்ட வேண்டும். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் பெரும்பாலும் பெட்டியை இங்கே வாங்கி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது காத்திருக்காது. இடையில் மூன்று மணி நேரமாவது இல்லையென்றால் நான் போட்டுத் தருவதில்லை.