கமெண்ட்டும் ஸ்ட்ரிங்கும்: லெக்ஸர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக லெக்ஸர் (நிரலின் உரையை டோக்கன்களாக, அதாவது சொல், எண், குறி போன்ற சிறு துண்டுகளாகப் பிரிக்கும் பகுதி) எழுதுகிறவர்களின் கோடைப் பார்த்தால், எல்லாரும் அதே பழைய குழிகளில்தான் விழுகிறார்கள். ஒரு குறியை விட்டுவிடுவது, பெயரைத் தப்பாக அடிப்பது எல்லாம் முதல் டெஸ்டிலேயே தெரிந்துவிடும், அதை விடுவோம்.

முதலில் கமெண்ட்டை நீக்கிவிடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். கமெண்ட் (நிரலில் மனிதர்கள் படிக்க எழுதும் குறிப்பு) எப்படியும் வேண்டாம், ஒரு ரெஜெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரம்) துடைத்துவிட்டு அப்புறம் டோக்கன் பிரிக்கலாம் என்று தொடங்குவார்கள். ஸ்ட்ரிங்குக்குள், அதாவது மேற்கோள் குறிகளுக்குள் வரும் உரையில், ஓர் இணைய முகவரி வந்தால் போதும், `://` இல் இருக்கும் `//` கமெண்ட் ஆகி வரியின் மீதி காணாமல் போகும். சரி, அதிலாவது மூடாத ஸ்ட்ரிங் என்று பிழை வந்துவிடும். கமெண்ட் எழுத அனுமதிக்கும் ஒரு பில்டு கருவியின் அமைப்புக் கோப்பில் நான் பார்த்தது இதைவிட மோசம்: உட்கோப்புறைகளிலும் கோப்புகளைத் தேடுவதற்கு `"/**/*"` என்று ஒரு பேட்டர்ன் இருந்தது, அதில் இருந்த `/**/` ஐ, `/*` இல் தொடங்கி `*/` இல் முடியும் வெற்று கமெண்ட் என்று ரெஜெக்ஸ் தூக்கிவிட, மிஞ்சியது `"*"`. பிழைச் செய்தியே இல்லை, உட்கோப்புறைகள் மட்டும் சத்தமில்லாமல் விடுபட்டன, எல்லாரும் கோப்பு அனுமதியைச் சந்தேகப்பட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் ஸ்ட்ரிங்கை முதலில் எடுக்கலாமா? கூடாது, கமெண்ட்டுக்குள் தனியாக ஒரு மேற்கோள் குறி வந்தால் அங்கிருந்து ஸ்ட்ரிங் தொடங்கிவிடும். இடமிருந்து வலமாக ஒரே ஓட்டம்தான். எது முதலில் திறக்கிறதோ அது மூடும்வரை மற்றதற்கு அங்கே இடமில்லை. சி மொழியின் தரநிலையிலும் கமெண்ட்டும் டோக்கனும் ஒரே கட்டத்தில், 3ஆம் கட்டத்தில்தான், பிரிக்கப்படுகின்றன. கமெண்ட் இருந்த இடத்தில் ஒரு ஸ்பேஸ் வரும், இல்லாவிட்டால் இரண்டு பக்கச் சொற்களும் ஒட்டிக்கொள்ளும்.

பின்னால் ஓர் எழுத்தை மட்டும் பார்ப்பது

மேற்கோள் குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் இருந்தால் எஸ்கேப் (அந்தக் குறி ஸ்ட்ரிங்கை மூடாது) என்று முடிவுகட்டினால், `"\\"` மூடவே மூடாது. பேக்ஸ்லாஷ் வந்ததும் அடுத்த எழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நகருங்கள், திரும்பிப் பார்க்கும் தேவையே இருக்காது.

கமெண்ட்டுக்குள் கமெண்ட்

சியிலும் ஜாவாவிலும் முதல் `*/` வந்ததும் கமெண்ட் முடிந்தது. ரஸ்ட், ஸ்விஃப்ட், ஹாஸ்கெல் மூன்றிலும் கமெண்ட்டுக்குள் கமெண்ட் திறக்கலாம் என்பதால் ஆழத்தை எண்ண வேண்டும். ஓகேமல் இன்னும் ஒரு படி மேலே போய், கமெண்ட்டுக்குள் இருக்கும் ஸ்ட்ரிங்கையும் ஸ்ட்ரிங்காகவே படிக்கும். உங்கள் மொழியில் எப்படி என்று லெக்ஸரைத் தொடும் முன்பே முடிவெடுங்கள்.

வரி எண்

கமெண்ட்டைத் தாண்டும்போதும் வரிகளை எண்ணுங்கள்.

மூடாத ஸ்ட்ரிங்

பிழையைக் கோப்பின் கடைசி வரியில் காட்டாதீர்கள். ஸ்ட்ரிங் திறந்த இடத்தைக் காட்டுங்கள்.