ஆளுயரக் கண்ணாடிக் கதவு மூடமாட்டேன் என்றபோது

செம்பூர் வீட்டுப் படுக்கையறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று நிற்கிறது, கண்ணாடியே கதவு, உள்ளே துணி மாட்டக் கம்பியும் தட்டுகளும். ஜூலையில் அந்தக் கதவு மேல்மூலையில் உரச ஆரம்பித்தது, அழுத்தி மூடினாலும் காந்தம் பிடிக்காமல் திறந்துகொள்ளும். மும்பை மழைக்குப் பலகை ஊதியிருக்கும் என்றார்கள்; விளிம்பைத் தடவிப் பார்த்தேன், எங்கும் உப்பல் இல்லை. கீல் திருகுகளை இப்படியும் அப்படியும் திருப்பினால், மேலே சரியாகும்போது கீழே இடித்தது. கார்ப்பெண்டர் அண்ணன் விளிம்பைச் சீவிவிடலாம் என்றார், நான் விடவில்லை. லாமினேட் போனால் அப்புறம் நிஜமாகவே ஊதும்.

துப்பு கொடுத்தது டியூப்லைட். கண்ணாடியில் அது மேல்பாதியில் லேசாக வளைந்து தெரிந்தது, அதாவது சட்டமே முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பின்னால் எட்டிப் பார்த்தால், அடிப்பாகம் ஸ்கர்ட்டிங் டைல்ஸில் (சுவரின் அடியோரம் ஒட்டிய டைல்ஸ் வரிசை) முட்டி நிற்க, கவிழாமல் இருக்கச் சுவரோடு பூட்டிய பட்டை வலது மேல்மூலையை மட்டும் சுவர்ப்பக்கம் இழுத்துப் பிடித்திருந்தது.

துணியை எல்லாம் எடுத்துவிட்டுப் பட்டையைத் தளர்த்தியதும் கதவு தானாகச் சேர்ந்தது, அப்பாடா! ஸ்கர்ட்டிங் கனத்துக்குப் பிளைவுட் துண்டுகளை இரண்டு மேல்மூலைக்கும் பின்னால் கொடுத்து, பட்டையை மறுபடி பூட்டினேன் (வீட்டில் குழந்தை இருக்கிறது, அதைக் கழற்றிப் போட முடியாது). கீலைத் தொட்டது கடைசியில்தான், அதுவும் அரைச் சுற்று.